நாளை காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது

'மாதாந்திரப் பராமரிப்புப் பணி, நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்விநியோகம் இருக்காது.' ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் முந்தைய நாள் சாயங்காலமே இப்படிச் செய்தி வந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்வார்கள், மாவு ஆட்டி வைத்துவிடுவார்கள். அதே வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் சாஃப்ட்வேர் டெவலப்பருக்கும் அன்றைக்குச் சாயங்காலம் வேலை இருக்கிறது. அதில் முதல் வேலை, டீமுக்கு நாலு வரி எழுதுவது.

'நாளை எங்கள் ஊரில் 9 முதல் 5 வரை கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் மதியம் 3 மணி வரைக்கும் தாங்கும். நெட் போனால் போன் ஹாட்ஸ்பாட்டில் வருவேன், 4 மணி மீட்டிங்கில் குரல் மட்டும்தான் இருக்கும். சர்வரில் போடவேண்டியதை இன்று ராத்திரியே போட்டுவிடுகிறேன்.'

சென்னையிலோ லண்டனிலோ இருக்கும் மேனேஜருக்கு உச்சிப்புளி எங்கே இருக்கிறது என்று தெரியாது, கரண்ட் போனதும் தெரியாது. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி அணைந்துபோனது மட்டும்தான் அவருக்குத் தெரியும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. சொல்லாமல் மூன்று தடவை காணாமல் போனால், நாலாவது தடவை முக்கியமான வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். திறமை குறைந்து வாய்ப்பு இழப்பவர்களைவிட இப்படி இழப்பவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. ராமநாதபுரம் கரையில் இருந்துகொண்டு இந்தத் தொழிலைச் செய்ய முடியுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: முடியும். ஆனால் எது நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், நின்றால் என்ன செய்வோம் என்று எண்ணில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எண்ணை இன்வெர்ட்டரில் இருந்தே தொடங்கலாம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-அவர். இதை முழுக்க எடுக்க முடியாது. லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி அடிவரை வற்றவிட்டால் ஆயுள் சீக்கிரம் முடிந்துபோகும், அதனால் 60 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரே தின்பது போக 85 சதவீதம் வெளியே வரும். 1,800 × 0.6 × 0.85 என்றால் கையில் நிற்பது 918 வாட்-அவர்.

இனி செலவு. லேப்டாப் 50 வாட், தனி மானிட்டர் 25, ஃபைபர் மோடம் 12, எல்ஈடி பல்பு 9, பழைய சீலிங் ஃபேன் 75. மொத்தம் 171 வாட். 918-ஐ இதால் வகுத்தால் 5 மணி 20 நிமிடம். காலை 9 மணிக்குப் போன கரண்டுக்கு மதியம் இரண்டரைக்குள்ளேயே இருட்டு. ஃபேனை மட்டும் கரண்ட் குறைவாக எடுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் மொத்தம் 126 வாட் ஆகிறது, 7 மணி 15 நிமிடம் ஓடும். மானிட்டரையும் அணைத்தால் 101 வாட், 9 மணி நேரம். ஐந்து மணியைத் தாண்டிவிட்டோம். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பிக்கும் பிள்ளைகள் முதல் சம்பளத்தில் இன்னொரு மானிட்டர் வாங்க ஆசைப்படுவார்கள். இந்தக் கரையில் முதல் சம்பளம் பிஎல்டிசி ஃபேனுக்குத்தான் போகவேண்டும்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள், ஸ்கொயர் வேவ் மலிவுதான், ஆனால் ஃபேனும் அடாப்டரும் உறுமிக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான். போர் தண்ணீரில் உப்பும் கனிமமும் இருப்பதால் அது தகட்டைக் கெடுத்துவிடும். டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். தளர்ந்த டெர்மினலால்தான் பல வீடுகளில் 'புது பேட்டரி, ரெண்டு மணி நேரம்கூட நிக்கல' என்ற புகார் வருகிறது.

கரண்ட் இருந்தும் நெட் போவது ஏன் என்பது பலருக்குப் புரிவதில்லை. உங்கள் வீட்டு மோடம் உங்கள் இன்வெர்ட்டரில் எரிகிறது, சரி. அதற்கு எதிர்முனையில் இருக்கும் கருவிக்கும் கரண்ட் வேண்டுமே. ஜிபான் முறை ஃபைபர் என்றால் நடுவில் கம்பத்தில் இருந்து ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை, நிலையத்தில் இருக்கும் ஓஎல்டி என்ற தலைமைக் கருவி ஓடினால் போதும். சில உள்ளூர் கேபிள்காரர்கள் தெருவுக்குத் தெரு ஸ்விட்ச்சும் மீடியா கன்வெர்ட்டரும் வைத்திருப்பார்கள், அந்தத் தெருவில் கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும். கனெக்‌ஷன் வாங்குமுன் ஸ்பீடு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், 'எங்க வீட்டுக்கும் உங்க ஆபீசுக்கும் நடுவுல கரண்ட்ல ஓடுற பெட்டி இருக்காண்ணே? அதுக்கு பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்?' என்று கேளுங்கள்.

மோடத்தின் செட்டிங் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று ஓர் எண் இருக்கும், மோடத்துக்கு வந்துசேரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் டிபிஎம் கணக்கில் அது இருக்கவேண்டும். மைனஸ் 27 என்பது விளிம்பு. நல்ல நாளில் அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். மைனஸ் 21 ஆக இருந்தது மைனஸ் 25, 26 என்று இறங்கிக்கொண்டே வந்தால், எங்கோ கனெக்டரில் அழுக்கு ஏறியிருக்கிறது, அல்லது கேபிள் மடங்கியிருக்கிறது. கண்ணாடி இழை துருப்பிடிக்காது. ஆனால் கேபிளைத் தாங்கும் இரும்புக் கம்பி கடற்கரையில் சீக்கிரம் துருவேறி அறும், அப்புறம் பாரம் முழுக்க இழையின் மேல் விழும். 'நெட் ஸ்லோவா இருக்குண்ணே' என்று சொன்னால் கேபிள்காரர் 'மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணு தம்பி' என்பார். 'பவர் மைனஸ் 26-க்கு வந்துருச்சு, போன மாசம் 21 இருந்துச்சு' என்று சொல்லிப் பாருங்கள், ஆள் வருவார்.

மாற்றுக்கு வேறொரு கம்பெனி சிம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு கம்பெனியும் ஒரே டவரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டில் வீடியோவோடு ஒரு மணி நேர மீட்டிங்குக்கு 1 ஜிபிக்கு மேலேயே போகக்கூடும், குரல் மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பெரிய டாக்கர் இமேஜ், புது லைப்ரரி என்று வேலைக்கு இறக்கவேண்டிய பெரிய ஃபைல் எல்லாவற்றையும் முந்தைய ராத்திரியே இறக்கிவிடுங்கள், எழுதிய புரோகிராமைக் கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து) டீமின் சர்வருக்குப் புஷ் செய்துவிடுங்கள்.

சர்வருக்குள் போய்ச் செய்யும் வேலையில் கூடுதல் கவனம் வேண்டும். தூரத்துச் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய் டேட்டாபேஸ் மைக்ரேஷனை (டேபிள்களின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டை) ஓடவிட்டிருக்கிறீர்கள், நடுவில் நெட் அறுந்தது என்று வையுங்கள். இணைப்பு போனதும் சர்வர் நீங்கள் கட்டளை அடித்த ஷெல்லுக்கு 'ஹேங்அப்' சிக்னல் அனுப்பும், அதற்குக் கீழே ஓடிய உங்கள் ஸ்கிரிப்டும் செத்துப்போகும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், மைக்ரேஷனை, முழுதாக முடியும் இல்லையேல் முழுதாக ரத்தாகும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் எழுதியிருந்தால், டேபிள் மாற்றம் உட்பட எல்லாம் பழையபடி திரும்பிவிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டேபிள் மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் அந்தந்த இடத்திலேயே கமிட் ஆகி நிலைத்துவிடும், ஆறு கட்டளையில் மூன்று முடிந்து மூன்று முடியாமல் அந்தரத்தில் நிற்கும். அதனால் எந்த நீண்ட வேலையும் முதலில் சர்வரில் டிமக்ஸ் என்ற புரோகிராமைத் திறந்து அதற்குள்தான். நெட் அறுந்தாலும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

உப்பைப் பற்றி எழுதாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. காற்று நாள் முழுக்க மிக நுண்ணிய உப்பைக் கொண்டுவந்து லேப்டாப் ஃபேன் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போகும். பகலில் அது உலர்ந்த பொடி, பெரிய தீங்கில்லை. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் ஊரில் ராத்திரிக் காற்று அந்த அளவை எளிதாகத் தாண்டும். அணைத்துவைத்த லேப்டாப் ராத்திரி குளிர்கிறது, உள்ளே இருக்கும் உப்பு ஈரமாகிறது, ஈர உப்பு மின்சாரம் கடத்தும், செம்பை அரிக்கும். ராத்திரி நன்றாக இருந்த மெஷின் காலையில் சார்ஜ் ஏறமாட்டேன் என்று அடம்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே மேஜை போடாதீர்கள், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த ஜன்னலைச் சாத்தியே வையுங்கள். வேலை முடிந்ததும் சூடு ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்ட மூடிய பையில் வையுங்கள். டைப்-சி ஓட்டையில் பச்சைப் பூத்தால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால், மெஷினை அணைத்துவிட்டு, துடைக்கவேண்டும். ஊசியால் சுரண்டினால் முலாம் போய்விடும், அரிப்பு இன்னும் வேகமாகும்.

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை, அல்லது எர்த் பின் இல்லாத அடாப்டர். உப்பு மண்ணில் இரும்பு எர்த் பைப் சீக்கிரம் தின்னப்பட்டுவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு கோடிங் சிக்கலும் இருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்து 'வெல்கம் டு ஸ்ரீலங்கா' என்று மெசேஜ் காட்டும், தெரிந்ததுதான். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்வுசெய்து வைத்தால் பில் பயம் இல்லை. ஆனால் நேர மண்டலத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் போன் அப்போது 'ஆசியா/கொழும்பு' என்று மாறியிருக்கலாம். இன்றைக்கு இரண்டு நாட்டு நேரமும் உலகப் பொது நேரமான யூடிசி-யைவிட 5:30 மணி முன்னால்தான், வித்தியாசமே தெரியாது. பழைய தேதிகளில்தான் கண்ணிவெடி. 1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் யூடிசி-யைவிட 6:00 மணி முன்னால் இருந்தது. ஒருவர் பிறந்த தேதி 2001 மார்ச் 10 என்று அந்தப் போனில் பதிகிறார். ஆப் அதை 'மார்ச் 10, நள்ளிரவு 00:00, கொழும்பு நேரம்' என்று எடுத்து யூடிசி ஆக்கினால் மார்ச் 9, 18:00. சென்னை சர்வர் இதை இந்திய நேரமாக்கினால் மார்ச் 9, இரவு 11:30. பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போய்விட்டது. மதுரையில் உட்கார்ந்து ஆயிரம் தடவை சோதித்தாலும் இந்தப் பிழை வராது. பிறந்த தேதி என்பது ஒரு கணம் அல்ல, வெறும் தேதி. அதை 'டேட்' வகையில்தான் வைக்கவேண்டும், நேரத்தோடு சேர்த்து 'டைம்ஸ்டாம்ப்' ஆக்கக்கூடாது. நேர்முகத்தேர்வில் நேர மண்டலம் பற்றிக் கேட்டால் இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லி விளக்கிப் பாருங்கள்.

வேலைக்குக் காட்டுவதற்கு எதைச் செய்துவைப்பது என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் அதே நூலக மேலாண்மை, அதே டு-டூ லிஸ்ட், அதே வானிலை ஆப். தேர்வு எடுப்பவர் அதை நூறு தடவை பார்த்திருப்பார். நடந்துபோகும் தூரத்தில் மீன்பிடிப் படகுகள் வந்துசேரும் ஜெட்டி இருக்கிறது. அங்கே ஏலக் கணக்கும் பங்குக் கணக்கும் இன்னும் நோட்டில்தான் பல இடங்களில் ஓடுகிறது. அதை எடுத்துச் செய்யுங்கள். இந்தத் தொழிலின் கடினமான பாதி அந்த ஒரு நோட்டுக்குள் இருக்கிறது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பாடு, அதாவது ஒரு தடவை கடலுக்குப் போய்க் கொண்டுவந்த மீன், 84,500 ரூபாய்க்கு ஏலம் போனது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 52,000. மிச்சம் 32,500. பாதி படகுக்காரரான சம்மாட்டிக்கு, பாதி ஆட்களுக்கு என்றால் ஆட்கள் பக்கம் 16,250. டிரைவருக்கு ஒன்றரைப் பங்கு, மற்ற நாலு பேருக்கும் ஒவ்வொரு பங்கு, ஆக ஐந்தரைப் பங்கு. ஒரு பங்கு 2,954.5454... என்று முடியாமல் ஓடுகிறது. பைசாவுக்கு ரவுண்டு செய்தால் நாலு பேருக்கு 2,954.55 வீதம் 11,818.20, டிரைவருக்கு 4,431.82. கூட்டினால் 16,250.02. இல்லாத 2 பைசாவைப் பங்கு வைத்துவிட்டோம். ரூபாய்க்கு ரவுண்டு செய்தால் 2,955 நாலு தடவை, 4,432 ஒரு தடவை, மொத்தம் 16,252. இரண்டு ரூபாய் அதிகம். கீழ்ப்பக்கமாகவே வெட்டினால் 16,247 வரும், 3 ரூபாய் அநாதையாக நிற்கும். அந்த மூன்று ரூபாய் யாருக்கு? டிரைவருக்கா, டீச் செலவுக்கா, ஊர்ப் பொதுநிதியான மகமைக்கா? இதற்கு விடை கம்ப்யூட்டரில் இல்லை. கணக்குப்பிள்ளையிடம் கேட்டு, அந்த ஜெட்டியின் வழக்கம் என்னவோ அதை எழுதவேண்டும். பங்குமுறை ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். வகுக்கும் புரோகிராமை ஏஐ பத்து நொடியில் எழுதித் தந்துவிடும். உடம்பு சரியில்லாமல் கடலுக்கு வராத ஆளுக்கு அரைப்பங்கு கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டா என்பது அதற்குத் தெரியாது, நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

பணத்தை எப்போதும் பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். தசம எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டர் 0.30000000000000004 என்று காட்டும், ஏனென்றால் இருமக் கணக்கில் 0.1-ஐச் சரியாக எழுதவே முடியாது.

ஜெட்டியில் சிக்னல் வரும், போகும். ஏலம் முடிந்ததும் கணக்குப்பிள்ளை 'சேமி' அழுத்துகிறார். சர்வரில் பதிவு ஏறிவிட்டது, பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. ஆப் 'போகவில்லை' என்று நினைத்துத் திரும்ப அனுப்புகிறது. ஒரே கூடை நகரை மீனை இரண்டு தடவை விற்றுவிட்டது. இதைத் தடுக்க, ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணைப் போனிலேயே உருவாக்கி அனுப்புங்கள், சர்வர் டேபிளில் அந்த எண் இரண்டாம் தடவை வந்தால் ஏற்காதபடி 'யூனிக்' என்று கட்டுங்கள், வந்தால் 'ஏற்கெனவே இருக்கிறது, சரி' என்று பதில் கொடுங்கள். பதிவைத் திருத்தும் வசதி வைக்காதீர்கள். தப்பு என்றால் அதை ரத்துசெய்யும் இன்னொரு வரியும் சரியான புது வரியும் சேரவேண்டும், பழைய வரி அப்படியே நிற்கவேண்டும். சண்டை வந்தால் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று காட்ட அது ஒன்றுதான் சாட்சி. கை ஈரம், அதுவும் உப்புத் தண்ணீர் ஈரம் என்பதால் டச் ஸ்கிரீன் கண்டபடி பிடிக்கும். பெரிய பட்டன், எண்களுக்குத் தனி விசைப்பலகை, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வெயிலில் சாம்பல் எழுத்து கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது தமிழ். மீன் பெயரைத் தமிழில்தான் பதிவார்கள். 'கொடுவா' என்று எழுதுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 6 குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். அதே சொல்லில் 'கொ' என்பதைச் சில பழைய கன்வெர்ட்டர்கள் ஒற்றைக்கொம்பு தனியாக, கால் தனியாகப் போட்டுவைத்திருக்கும். அப்போது 7 குறியீடு, 21 பைட். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. உள்ளே வாங்கும் எல்லா எழுத்தையும், பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையில் ஒழுங்குபடுத்தி வைத்தால் இது தீரும். 'கௌ' என்பதைக் கொம்பு, க, ள என்று அடித்திருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது, அதற்குத் தனியாக விதி எழுதவேண்டும். 58 மில்லிமீட்டர் ரசீது பிரிண்டரில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது, கேள்விக்குறியாக அச்சாகும். ரசீதை 384 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்பவேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பினால் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறியீடுதான், அதைத் தாண்டினால் துண்டு துண்டாகி ஒவ்வொன்றும் 67 ஆகும், செலவும் அத்தனை மடங்கு. தமிழ் தெரிந்த டெவலப்பர்களே இதைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

இவ்வளவும் செய்து முடித்தவருக்கு வீட்டிலிருந்தே முதல் வேலை கிடைத்தாலும், முதல் ஒன்றரை இரண்டு வருஷம் வெளியே போய்விட்டு வாருங்கள் என்பேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு. மதுரையில் இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசின் எல்காட் ஐடி பூங்காக்கள் இருக்கின்றன. ராமநாதபுரத்தில் இருந்து 110 கிலோமீட்டருக்கு மேல், தினமும் போய்வர முடியாது, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். சென்னை என்றால் ராத்திரி சேது எக்ஸ்பிரஸ். போகச் சொல்வது எதற்காக? சீனியர் ஒருவர் லாக் (புரோகிராம் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவு) பார்க்கும்போது எந்த வரியைத் தாண்டிப் போகிறார், எந்த வரியில் நிற்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும். அதை எந்த வீடியோவும் சொல்லித்தராது. அது கைவந்த பிறகு கரைக்குத் திரும்பினால் தனியாக நிற்கலாம்.

தனியாக நிற்கும்போது எழுத்துதான் உங்கள் முகம். சிக்கலில் மாட்டினால் அரைமணி நேரம் நீங்களே முட்டிப் பாருங்கள், அப்புறம் கேளுங்கள். 'சார், லாகின் வேலை செய்யல' என்று அனுப்பினால் எதிரில் இருப்பவர் நாலு கேள்வி கேட்கவேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் அரைநாள் போகும். 'சோதனை சர்வரில், இன்று காலை போட்ட பதிப்பில், ஓடிபி சரியாகக் கொடுத்தாலும் திரும்பவும் லாகின் பக்கத்துக்கே போகிறது. நேற்றைய பதிப்பில் சரியாக இருந்தது. குக்கி பதிவாகவில்லை என்று பார்த்தேன். நடுவில் மாறியது இந்த ஒரு கமிட்தான், அதைத் திருப்பிப் பார்க்கலாமா?' என்று கேட்டால் 'ஆம்' என்ற ஒரே பதிலில் வேலை முடிந்துவிடும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்கவேண்டாம். ஏழெட்டுச் சொல்லில் ஒரு வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். இந்த வேலைக்கு அதுவே போதும்.

வேலை நேரத்தை ஒப்புக்கொள்ளுமுன் கணக்குப் பாருங்கள். சிங்கப்பூர் காலை 9 மணி நமக்கு ஆறரை. துபாய் 9 மணி பத்தரை. லண்டன் 9 மணி கோடையில் ஒன்றரை, குளிரில் இரண்டரை. நியூயார்க் 9 மணி கோடையில் மாலை ஆறரை, குளிரில் ஏழரை. மார்ச்சிலும் அங்கே குளிர் தொடங்கும்போதும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றமாட்டோம், மீட்டிங்கைத் தவறவிடும் வாரங்கள் அவைதான். கடலுக்குப் போகும் வீட்டில் விடியுமுன் விளக்கு எரியும், சத்தம் கேட்கும். நியூயார்க் நேரத்தில் வேலை பார்ப்பவர் அப்போதுதான் கண்ணயர்வார். அந்த வீடுகளுக்குச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நேரம்தான் உடம்புக்குத் தோது.

ஆஃபர் லெட்டரில் வருஷம் 3,60,000 என்று போட்டிருந்தால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 720, நம் பங்கு பிஎஃப் 1,800, மூன்றும் அந்த முப்பதாயிரத்துக்குள்தான். மிச்சம் 25,680. முப்பதாயிரத்தில் பத்து சதவீதம் 'வேரியபிள்' (வேலையைப் பொறுத்துப் பிறகு தரும் பங்கு) என்று இருந்தால் மாதாமாதம் வருவது 22,680 சுற்றித்தான். நோட்டீஸ் காலம் 60 நாளா 90 நாளா, இத்தனை வருஷம் விலகக்கூடாது என்ற பாண்டு உண்டா என்று பாருங்கள். அசல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

வெளிநாட்டு வேலை நம் ஊருக்குப் புதிதில்லை, கீழக்கரை, தொண்டிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்திருப்பார். அதனாலேயே பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுகிறார்கள். தாய்லாந்தில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை என்று சொல்லி ஐடி தெரிந்த இளைஞர்களை அழைத்துப்போய், எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்யவைக்கும் கும்பல்கள் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. அடையாளங்கள் தெளிவானவை: ஒரு போன் பேச்சில் முடியும் இன்டர்வியூ, கோடிங் கேள்வியே இல்லை, கணக்கில் ஒட்டாத பெரிய சம்பளம், 'டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கலாம்' என்ற பேச்சு. டூரிஸ்ட் விசா என்ற சொல் வந்ததுமே பேச்சை நிறுத்துங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடம் கேட்கலாம். சொந்தக்காரர் மூலம் வந்த ஏஜென்ட் என்றாலும் இதைப் பார்த்தே ஆகவேண்டும்.

மழைக்காலத்தையும் வேலை நாட்காட்டியில் போட்டுவையுங்கள். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் நம் கரைக்கு உரியவை. 2018-இல் கஜா, 2020-இல் புரெவி, 2024 நவம்பரில் பாம்பன், ராமேசுவரத்தில் ஒரே நாளில் கொட்டிய மழை எல்லாம் இந்த மாதங்களில்தான் வந்தன. பெரிய ரிலீஸுக்குப் பொறுப்பெடுப்பதை அக்டோபருக்குள் முடித்துக்கொள்ளப் பேசுங்கள். புயல் சின்னம் உருவானதாக அறிவிப்பு வந்த அன்றே உங்கள் வேலை எங்கே நிற்கிறது, யார் தொடரலாம், பாஸ்வேர்டு எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது என்று எழுதி டீமிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜெட்டிக் கணக்கைச் செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் ஏறி மரவேலையும் பெயின்ட்டும் நடக்கும். மற்ற மாதங்களில் ஏலத்துக்கு நடுவில் போய்க் கேட்டால் கணக்குப்பிள்ளைக்குத் தலைநிமிர நேரம் இருக்காது, இந்த இரண்டு மாதம் பேசுவார். கையில் லேப்டாப் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். அவருடைய பழைய நோட்டில் மூன்று மீன்பாட்டுக் கணக்கை வரி வரியாக எழுதிக்கொண்டு வாருங்கள், அடித்துத் திருத்திய இடங்களை ஒன்றுவிடாமல் கேளுங்கள். அந்த மூன்றுக்கும் உங்கள் ஆப் அதே தொகையைக் கொடுக்கும்வரை அவரிடம் திரும்பக் காட்டாதீர்கள். மே மாதக் கடைசியில் காட்டினால், அவர் சொல்லும் குறைகளைச் சரிசெய்ய இரண்டு வாரம் இருக்கும். தடை முடிந்து போன படகுகள் முதல் மீன்பாட்டோடு திரும்பும் அன்று, நோட்டும் ஆப்பும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். நோட்டை மூடிவைக்கும் நாளை அவர் சொல்லட்டும்.